ஸ்காட்லாந்துத் தீவுகள்: ஒருநாள் போய்வரவும் விடுமுறைக்குத் தங்கவும்

கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்டீன் போன்ற நகரங்களில் படிக்கும் பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவுக்காக நம் நாட்டிலிருந்து ஸ்காட்லாந்து செல்லும் குடும்பங்கள் உண்டு. பெரும்பாலோர் எடின்பரோ கோட்டையைப் பார்த்து, லோக் நெஸ் ஏரிக்குப் பேருந்தில் போய்வந்து, லண்டனுக்கு ரயில் ஏறிவிடுகின்றனர். கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்தில் பெர்ரி ஏறும் துறை இருப்பதும், கையில் ஒரு நாள் மட்டுமே இருந்தாலும் ஒரு தீவைப் பார்த்துத் திரும்பலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஸ்காட்லாந்தைச் சுற்றி 790-க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்பவை 90-ஐ ஒட்டிய எண்ணிக்கைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகள் அனைத்திலும் சேர்த்து வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 3 ஆயிரம் பேர். பினாங்குத் தீவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. பரந்த நிலம், குறைந்த மக்கள், அடிக்கடி மாறும் வானிலை ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தே இப்பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

தீவுகளின் பிரிவுகள்

தீவுகளை ஐந்து கூட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால் வழி எளிதாகும். கிளாஸ்கோவுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் கிளைட் கழிமுகத்தில் அரன், பியூட், கம்ப்ரே தீவுகள் உள்ளன. மேற்குக் கரையை ஒட்டி ஸ்கை, மல், அயோனா, ஐலா, ஜூரா, எய்க் முதலிய உள் ஹெப்ரைடீஸ் தீவுகள் உள்ளன. அதற்கும் அப்பால் அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி லூயிஸ், ஹாரிஸ், யூயிஸ்ட், பாரா ஆகிய வெளி ஹெப்ரைடீஸ் தீவுகள் நீண்டு கிடக்கின்றன. வடக்கே ஓர்க்னி, அதற்கும் வடக்கே ஷெட்லாந்து.

முதல் இரண்டு கூட்டங்களில் ஒருநாள் பயணத்துக்கு ஏற்ற தீவுகள் பல. மற்றவற்றுக்கு இரண்டு மூன்று இரவுகளாவது தங்கினால்தான் போன பயணத்துக்குப் பலன் கிடைக்கும்.

கிளாஸ்கோவிலிருந்து ஒரே நாளில்

குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு மிக எளிதானது கம்ப்ரே தீவு. கிளாஸ்கோ சென்ட்ரல் நிலையத்திலிருந்து லார்க்ஸ் ஊருக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து பெர்ரி பத்து நிமிடத்துக்குள் அக்கரை சேர்ந்துவிடும். இறங்கியதும் மில்போர்ட் சிற்றூருக்குப் பேருந்து உண்டு. தீவைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 10 மைல் நீளம். பெரும்பாலும் சமதரை என்பதால், வாடகை சைக்கிளில் சுற்றி வருவதே அங்கு வழக்கம். பிரிட்டனிலேயே மிகச் சிறிய கதீட்ரல் தேவாலயம் எனப்படுவதும் மில்போர்ட்டில்தான் இருக்கிறது.

பியூட் தீவுக்கு வீமிஸ் பே வரை ரயிலில் 50 நிமிடம், பிறகு பெர்ரியில் 35 நிமிடம். ரயில் மேடையிலிருந்து கூரையிட்ட நடைபாதை வழியாகவே பெர்ரித் துறைக்குப் போய்விடலாம். மழை பெய்தாலும் நனைய வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கிளாஸ்கோவின் ஆலைத் தொழிலாளர்கள் விடுமுறை கிடைத்ததும் நீராவிக் கப்பல் ஏறிப் போன இடம் இதன் தலைநகரான ராத்சே. அங்கு வட்ட வடிவில் கட்டிய பழங்கோட்டை ஒன்று உண்டு. ஊருக்குத் தெற்கே உள்ள மவுண்ட் ஸ்டுவர்ட் மாளிகையும் பார்க்கத்தக்கது. ஆனால், அது ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை.

அரன் தீவை ‘ஸ்காட்லாந்தின் சிறு வடிவம்’ என்பார்கள். வடபாதி மலை, தென்பாதி விளைநிலம். 874 மீட்டர் உயரமுள்ள கோட் ஃபெல் மலையில் ஏறி இறங்க ஒரு முழு நாள் பிடிக்கும். மலையேறாதவர்கள் பிராடிக் கோட்டையையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, தீவைச் சுற்றிவரும் பேருந்தில் உட்கார்ந்தே பெரும்பகுதியைக் கண்டுவிடலாம். பெர்ரி ஆட்ரோசன், டிரூன் ஆகிய துறைகளிலிருந்து ஓடியிருக்கிறது. பயண நாளில் எந்தத் துறை என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது அவசியம்.

ஓபனிலிருந்து மல், அயோனா, ஸ்டாஃபா

கிளாஸ்கோ குயீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து ஓபனுக்கு ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். காலையில் கிளாஸ்கோவில் கிளம்பி இரவே திரும்ப நினைப்பதைவிட, ஓபனில் ஓர் இரவு தங்கி மறுநாள் அதிகாலை பெர்ரி பிடிப்பது நல்லது. மல் தீவின் கிரேக்னூர் துறைக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அங்கிருந்து பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் சென்றால் ஃபியன்ஃபோர்ட். அங்கு ஒரு சிறிய பெர்ரி ஏறினால் பத்து நிமிடத்தில் அயோனா.

அயோனா மிகச் சிறிய தீவு. ஆனால் ஸ்காட்லாந்தின் சமய வரலாறு இங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. கி.பி. 563-இல் அயர்லாந்திலிருந்து வந்த கொலம்பா என்ற துறவி இங்கு மடம் அமைத்தார். இப்போது டப்ளினில் உள்ள ‘கெல்ஸ் நூல்’ என்ற அழகிய கையெழுத்துப் படி இம்மடத்தில் தொடங்கப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பழைய மன்னர்கள் பலர் இங்கு அடக்கம் செய்யப்பட்டதாக மரபு. பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தலைவராக இருந்து 1994-இல் மறைந்த ஜான் ஸ்மித்தின் கல்லறையும் இங்குதான். வெளியூர்க் கார்களுக்கு அனுமதி இல்லை. பெரும்பாலோர் நடந்தே செல்கின்றனர்.

அருகிலுள்ள ஸ்டாஃபாவில் மக்கள் இல்லை. எரிமலைக் குழம்பு உறைந்து அறுகோணத் தூண்களாக நிற்கும் ஃபிங்கல் குகைதான் அதன் சிறப்பு. 1829-இல் இக்கடற்பகுதிக்கு வந்த இசையமைப்பாளர் மெண்டல்ஸன் தம் ‘ஹெப்ரைடீஸ்’ இசைக்கோவையை இந்தப் பயணத்தின் பாதிப்பில் எழுதினார். வண்ண அலகு கொண்ட பஃபின் பறவைகளை இங்கு மே முதல் ஜூலை வரை காணலாம். ஆகஸ்டு தொடக்கத்தில் அவை கடலுக்குப் போய்விடும். கடல் கொந்தளித்தால் படகு ஸ்டாஃபாவில் கரையேற்றாது. அன்று குகையைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

ஸ்கை: அவசரப்படக் கூடாத தீவு

ஸ்கை தீவுக்கு 1995-இல் பாலம் கட்டப்பட்டது. முதலில் வசூலித்த கட்டணம் மக்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 2004 டிசம்பரில் நீக்கப்பட்டது. பாலம் இருப்பதால் காரிலேயே போய்விடலாம் என்பது உண்மை. அதனால்தான் கோடையில் கூட்டமும் அங்கே அதிகம். எடின்பரோவிலிருந்து தலைநகர் போர்ட்ரீக்குச் செல்லவே ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும். ஒரே நாளில் போய்வருவதாக விளம்பரப்படுத்தும் பயணத்தில் பெரும்பகுதி பேருந்துக்குள்ளேயே கழியும்.

இரண்டு மூன்று இரவுகள் தங்க முடிந்தால் ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறை, குயிரெய்ங் மலைச்சரிவு, டன்வேகன் கோட்டை, கூலின் மலைத்தொடர் ஆகியவற்றை நிதானமாகப் பார்க்கலாம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தங்கும் விடுதிகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். அறை உறுதியாகாமல் கிளம்பக் கூடாது.

லூயிஸ், ஹாரிஸ்: தமிழோடு ஓர் உறவு

உல்லாபூல் துறையிலிருந்து லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே நகருக்குப் பெர்ரியில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். லூயிஸும் ஹாரிஸும் தனிப் பெயர் கொண்டிருந்தாலும் நிலத்தால் ஒன்றே. ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழைமையுள்ள காலனிஷ் கற்களும், ஹாரிஸின் லஸ்கன்டைர் வெண்மணல் கடற்கரையும் பயணிகளை இழுப்பவை.

ஸ்டோர்னோவே நகருக்கும் தமிழ் வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான காலின் மெக்கன்சி பிறந்த ஊர் இது. 1783-இல் சென்னை வந்திறங்கிய இவர், தென்னிந்தியா முழுதும் நிலம் அளந்துகொண்டே ஏட்டுச் சுவடிகள், கல்வெட்டுப் படிகள், ஊர் வரலாறுகள் ஆகியவற்றைத் திரட்டினார். சுவடிகளைப் படித்து விளக்கிய உள்ளூர் உதவியாளர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. ராஃபிள்ஸ் ஜாவாவை ஆண்ட காலத்தில் மெக்கன்சி அங்கும் பணியாற்றினார். 1821-இல் அவர் மறைந்த பின், தமிழ், தெலுங்கு முதலிய மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. தென்னிந்திய ஊர்களின் பழைய வரலாற்றைத் தேடுவோர் இன்றும் அத்தொகுப்பைப் புரட்டுகின்றனர்.

ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணியும் இத்தீவுகளின் சொத்து. வெளி ஹெப்ரைடீஸ் தீவுகளில், தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்த துணிக்கு மட்டுமே அப்பெயர் பொருந்தும் என்பதை 1993-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டமே காக்கிறது. வாங்கும்போது உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும்.

சாலைப் பலகைகளில் கேலிக் மொழி முதலிடம் பெற்றிருக்கும். வெளி ஹெப்ரைடீஸ் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அம்மொழியை ஓரளவேனும் அறிந்தவர்கள். ஆயினும் இளையோர் ஆங்கிலத்துக்கு மாறிவருவதால் அங்கு மொழிக் கவலை பெரிது. ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகக் காக்கும் வழக்கமும் இங்கு வலுவானது. ஸ்டோர்னோவேக்கு ஞாயிறு பெர்ரி ஓடத் தொடங்கியதே 2009-இல்தான். அன்று பல கடைகள் மூடியிருக்கும். பெட்ரோலும் உணவும் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு வெளியே ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. முதல் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய கடற்படையினரை ஏற்றிவந்த ‘அயோலேர்’ கப்பல் 1919 ஜனவரி முதல் நாள் அதிகாலை கரைக்கு மிக அருகில் பாறையில் மோதியது. ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். போரில் பிழைத்தவர்களைத் தம் ஊர்க் கடலே கொண்டுபோனதை அத்தீவு இன்றும் மறக்கவில்லை.

ஓர்க்னி, ஷெட்லாந்து

இவ்விரு தீவுக்கூட்டங்களும் 15-ஆம் நூற்றாண்டு வரை ஸ்காட்லாந்துக்கு உரியவை அல்ல. டென்மார்க், நார்வே நாடுகளின் மன்னர் தம் மகளை ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணமுடித்தபோது, சீதனப் பணத்துக்கு ஈடாக 1468-இல் ஓர்க்னியையும் 1469-இல் ஷெட்லாந்தையும் அடகு வைத்தார். பணம் கட்டப்படவில்லை, தீவுகளும் திரும்பவில்லை.

ஓர்க்னிக்கு ஸ்கிராப்ஸ்டர் துறையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பெர்ரி உண்டு. அங்குள்ள ஸ்காரா பிரே, எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முந்திய குடியிருப்பு. 1850-இல் அடித்த பெரும்புயல் மணலை வாரிச் சென்றபோது அதன் கல்வீடுகள் வெளிப்பட்டன. கல்லாலான படுக்கையும் அலமாரியும் இன்றும் அப்படியே உள்ளன. இதுவும் பிராட்கர் கல்வட்டம் முதலியனவும் 1999-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் கைதிகளாக இருந்த இத்தாலியர்கள் இரும்புத் தகட்டுக் கொட்டகையைத் தேவாலயமாக மாற்றிய இத்தாலியச் சிற்றாலயமும் பார்க்க வேண்டியது. வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளுக்கிடையிலான விமானப் பயணம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உலகிலேயே மிகக் குறுகிய அட்டவணை விமானச் சேவை அதுதான்.

ஷெட்லாந்துக்கு அபர்டீனிலிருந்து இரவுக் கப்பலில் 12 முதல் 14 மணி நேரம். அதன் தலைநகர் லெர்விக், எடின்பரோவைவிட நார்வேயின் பெர்கன் நகருக்கே அருகில் உள்ளது. ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம் நீளும். டிசம்பரில் ஆறு மணி நேரம்கூட இருக்காது. ஜனவரி கடைசிச் செவ்வாயன்று நடக்கும் ‘அப் ஹெல்லி ஆ’ தீப்பந்தத் திருவிழாவுக்கு மட்டும் குளிரைப் பொருட்படுத்தாமல் பயணிகள் வருகின்றனர்.

பெர்ரி யாருக்காக?

மேற்குத் தீவுகளில் 20-க்கும் மேற்பட்டவற்றுக்குப் பெர்ரி விடுவது அரசுக்குச் சொந்தமான கால்மாக் நிறுவனம். சாலையில் அதே தூரத்தைக் காரில் கடக்க ஆகும் செலவை அடிப்படையாக வைத்துக் கட்டணம் கணக்கிடும் முறை 2008-இல் சோதனையாகத் தொடங்கி, பின்னர் அதன் தடங்களுக்கெல்லாம் விரிந்தது. கட்டணம் குறைந்ததால் தீவுவாசிகளுக்கு நன்மை. அதே காரணத்தால் சுற்றுப்பயணிகளின் கார்களும் பெருகின. கப்பலில் இடம் மட்டும் பெருகவில்லை.

அரனுக்காகவும் பிற தீவுகளுக்காகவும் 2015-இல் இரண்டு புதிய கப்பல்கள் 97 மில்லியன் பவுண்டுக்கு ஒப்பந்தமாயின. முதல் கப்பலான ‘கிளென் சனாக்ஸ்’ பயணிகளை ஏற்றத் தொடங்கியது 2025 ஜனவரியில்தான். செலவும் பல மடங்கானது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கப்பல்கள் பழுதாகும்போதெல்லாம் தீவுகள் தவித்தன. 2023 ஜூனில் தென் யூயிஸ்ட் தீவின் லோக்பாய்ஸ்டேல் சேவை ஏறத்தாழ மாதம் முழுதும் நின்றபோது, நூற்றுக்கணக்கான மக்கள் துறைமுகத்தில் வாகனங்களோடு திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். மருத்துவமனைச் சந்திப்பு, கடைக்கு வரும் சரக்கு, சந்தைக்குப் போகும் ஆடு மாடு, இறுதிச் சடங்குக்கு வரும் உறவினர் என எல்லாமே அக்கப்பலை நம்பித்தான் உள்ளன.

ஆகவே காரை விட்டுவிட்டு நடைபயணியாக ஏறுவது பயணிக்கும் நல்லது, ஊராருக்கும் நல்லது. நடைபயணிகளுக்கு இடம் கிடைப்பது எளிது, கட்டணமும் குறைவு. கார் தேவைப்பட்டால் முன்பதிவு செய்ய வேண்டும். திட்டம் மாறினால் பதிவை உடனே ரத்துசெய்துவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் பயன்படும்.

எய்க், செயின்ட் கில்டா: இரு தீவுகளின் கதை

மாலெய்க் துறையிலிருந்து ஒருநாள் பயணமாகவே போய்வரக்கூடிய சிறு தீவு எய்க். பல தலைமுறைகளாக ஒரே முதலாளியின் சொத்தாகக் கைமாறி வந்த தீவு இது. குடியிருந்தவர்களுக்கு வீடும் நிலமும் நிலையாக இல்லை. 1997 ஜூன் 12-இல் தீவுவாசிகளே பொதுமக்களிடம் நிதி திரட்டி, ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு கொடுத்து, தாங்கள் வாழும் மண்ணை வாங்கிக்கொண்டனர். 2008-இல் நீர், காற்று, சூரிய ஒளி மூன்றையும் இணைத்துச் சொந்த மின்சார நிறுவனம் தொடங்கினர். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி. அன்று 65-ஐ ஒட்டியிருந்த மக்கள்தொகை இன்று 100-ஐத் தொட்டுள்ளது.

செயின்ட் கில்டாவின் கதை வேறு. வடக்கு யூயிஸ்டுக்கு மேற்கே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அத்தீவில் மக்கள் தொடர்ந்து குறைந்து, நோயும் தனிமையும் வாட்ட, எஞ்சியிருந்த 36 பேரும் தங்களை அழைத்துச் செல்லுமாறு தாங்களே அரசிடம் கேட்டுக்கொண்டனர். 1930 ஆகஸ்டு 29-இல் அவர்கள் கப்பலேறினர். கூரை இழந்த வீடுகளின் வரிசை இன்றும் நிற்கிறது. கோடையில் ஹாரிஸிலிருந்தும் ஸ்கையிலிருந்தும் ஒருநாள் படகுகள் செல்கின்றன. கடல் இடம் கொடுக்காத நாளில் பயணம் ரத்தாகும் என்பதால் மாற்று நாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இருந்த இடத்தை விட்டுப் பெயர்வது என்னவென்று அறிந்த குடும்பங்களுக்கு அந்த வீட்டு வரிசை அந்நியமாகத் தெரியாது.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் பிரிட்டனுக்குச் செல்ல 2025 ஜனவரி 8 முதல் இடிஏ எனப்படும் மின்னியல் பயண அனுமதி பெற வேண்டும். அதிகாரப்பூர்வ அரசுத் தளம் அல்லது செயலி வழியாக விண்ணப்பித்தால் இடைத்தரகர்களுக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

நம் ஊர் போலவே அங்கும் இடப்பக்கம்தான் வாகனம் ஓட்ட வேண்டும். முழு உரிமம் உள்ள சுற்றுப்பயணிகள் 12 மாதம் வரை ஓட்டலாம். தீவுகளில் ஒற்றைத்தடச் சாலைகள் அதிகம். எதிரே வண்டி வந்தால் ஆங்காங்கே உள்ள ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும், பின்னால் வருபவருக்கும் அப்படியே. அவ்விடங்களில் காரை நிறுத்திவிட்டுப் படமெடுக்கப் போவது பெருந்தவறு.

கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. காற்று வேறு அடிக்கும், குடை நிற்காது. மழைச் சட்டை, கம்பளிச் சட்டை, நல்ல காலணி மூன்றும் கட்டாயம். மே முதல் செப்டம்பர் வரை ‘மிட்ஜ்’ என்ற பொடிக்கொசு மாலை நேரத்தில் மொய்க்கும். அதற்கான மருந்தை உள்ளூர்க் கடைகளிலேயே வாங்கலாம்.

சைவ உணவு பெரிய ஊர்களில் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும். சிறு தீவுகளில் கடையே ஒன்றுதான் இருக்கும், அதுவும் சீக்கிரம் மூடிவிடும். ரொட்டி, பழம், பிஸ்கட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ‘பிளாக் புட்டிங்’ என்ற பெயரைப் பார்த்து இனிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அது இரத்தத்தில் செய்வது. ஸ்டோர்னோவே வகையில் மாட்டுக் கொழுப்பும் சேரும். ‘ஹாகிஸ்’ ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்வது. அதன் சைவ வகையும் பல இடங்களில் உண்டு.

கடல் வற்றும்போது நடந்து செல்லக்கூடிய தீவுகளில் கூடுதல் கவனம் தேவை. எடின்பரோ நகர எல்லையிலேயே உள்ள கிராமண்ட் தீவுக்கு ஏறத்தாழ ஒரு மைல் நடைபாதை உண்டு. கடல் ஏறியதும் பாதை மூழ்கிவிடும். நேரம் பார்க்காமல் சென்று சிக்கிக்கொள்பவர்களை மீட்புப் படகு அடிக்கடி அழைத்து வருகிறது. பாதுகாப்பான நேரம் பாதையின் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டிருக்கும். கடலில் ஆபத்து என்றால் 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவல் பிரிவைக் கேட்க வேண்டும்.

கடைசியாக, ஒருநாள் பயணம் செல்பவர்கள் போகும் பெர்ரியின் நேரத்தைவிடத் திரும்பும் கடைசிப் பெர்ரியின் நேரத்தையே முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். கோடை அட்டவணை வேறு, குளிர்கால அட்டவணை வேறு, ஞாயிறு வேறு. காலையில் ஒருமுறை நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். காற்று பலமாக அடித்தால் சேவை நின்றுபோகும். எனவே நாடு திரும்பும் விமானத்துக்கு முந்திய நாளைத் தீவுப் பயணத்துக்கு ஒதுக்காமல், விடுமுறையின் தொடக்கத்திலேயே தீவைப் பார்த்துவிடுவது பாதுகாப்பானது.